கத்திரி வெயில் இல்லைன்னா கத்திரிக்காய் இல்லை

எங்க அக்கா மகன் மதுரை கே.கே. நகரில் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை. போன வருஷம், 2024 மே மாசம் மூணாவது வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் போன் பண்ணினான்.

"மாமா, என்னா கிளைமேட்டு மாமா! கத்திரியில மதுரையே கொடைக்கானல் ஆயிருச்சு. நாலு நாளா ஏசியே போடல."

அந்த நேரத்தில் நான் தலையில் உரச்சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, சாய்ந்துபோன பீர்க்கம் பந்தலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி டார்ச் லைட் பிடித்துக்கொண்டு நின்றாள். கணுக்கால் வரை சகதி. "நல்லா இருங்க மாப்ள"ன்னு சொல்லி வச்சுட்டேன். அன்னைக்குச் சண்டை போட நேரம் இல்லை. இந்த வருஷமும் மே மாசம் அதே கூத்து நடந்து முடிஞ்சிருக்கு. இப்போது கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கிறது. அதனால் அந்தச் சண்டையை இங்கே போடுகிறேன். மாப்ள, நீ இதைப் படிப்பேன்னு தெரியும். முழுசாப் படி.

அவனை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பத்துப் பதினைந்து நாளும் டவுனில் இருக்கிற சொந்தக்காரர், சிநேகிதர் எல்லாருடைய வாட்சப் ஸ்டேட்டஸிலும் ஒரே படம்தான். ஜன்னல் கம்பியில் மழைத்துளி, பக்கத்தில் ஒரு டீக்கப்பு, பின்னாடி ஒரு பாட்டு. 'கோடை மழை இயற்கையின் வரம்' என்று எழுத்து வேற.

யாருக்கு வரம்? அதைச் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஏப்ரல் வெயிலில் ரோட்டில் தார் ஊற்றியவனும், சித்தாள் வேலைக்குப் போன பொம்பளையும் பட்ட பாடு எனக்குத் தெரியும். வெயில் தணிந்தது என்று அவர்கள் சந்தோஷப்பட்டால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். கரண்ட் பில் மிச்சம் என்று சந்தோஷப்படுகிறவர்களோடுதான் எனக்குப் பேச்சு.

கோடை மழையே வேண்டாம் என்று சொல்லவும் நான் வரவில்லை. சித்திரையில் ஒன்றிரண்டு மழை எங்களுக்கும் வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்குச் சிறுமலைப் பக்கம் கறுக்கும். இடி இடிக்கும், ஒரு மணி நேரம் கொட்டும், அத்தோடு விட்டுவிடும். மறுநாள் காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். அந்த ஈரத்தில்தான் கோடை உழவு ஓட்டுவோம். மண் புரண்டால் உள்ளே கிடக்கிற கூட்டுப்புழு மேலே வரும். பாதி கொக்குக்கும் மைனாவுக்கும், மீதி வெயிலுக்கு. கோரைக் கிழங்கு மேலே வந்து கிடந்து காய்ந்து சாகும். கோரையை ஒழிக்க எத்தனையோ மருந்து விற்கிறார்கள், சித்திரை வெயிலை விடப் பெரிய மருந்து நான் பார்த்ததில்லை. அதுவும் காசு கேட்காத மருந்து.

போன வருஷம் வந்தது அந்த மழை இல்லை. மே இரண்டாவது வாரம் தொடங்கியது. காலையில் மூட்டம், மத்தியானம் தூறல், சாயங்காலம் மழை, ராத்திரி முழுக்க நசநசப்பு. சூரியனையே பார்க்காத நாளும் உண்டு. மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பையன் உயிரே போனது, ஞாபகம் இருக்கும். டி.வி.யில் அதைக் காட்டினார்கள், காட்ட வேண்டியதுதான். இந்த வருஷம் கத்திரி முடிய நாலு நாள் இருக்கும்போதே, மே 24ஆம் தேதியே கேரளாவில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டது. ஜூன் 1ஆம் தேதி வர வேண்டியது. 2009க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லையாம். நாடு முழுக்கக் கணக்கெடுத்தால் 1901க்குப் பிறகு இந்த மே மாசம்தான் அதிக மழை என்று வானிலைத் துறையே சொல்கிறது. 2022லும் மேட்டூர் அணையை ஜூன் 12க்குக் காத்திருக்காமல் மே 24லேயே திறந்தார்கள். தஞ்சாவூர்க்காரர்களுக்கு அது நல்ல சேதிதான். நான் தஞ்சாவூர்க்காரன் இல்லை.

வாடிப்பட்டிப் பக்கம் எனக்கு ரெண்டு ஏக்கர் நஞ்சை. கால்வாயில் தண்ணீர் விட்டால் நெல்லு, இல்லைன்னா கிணற்றை நம்பி ஏதாவது. அது என் கணக்கு. வீட்டுக்குப் பின்னாடி எட்டு செண்டு இருக்கிறது. அது என் கணக்கில் வராது, வீட்டுக்காரி கணக்கு. அதற்கு முன்னாடி எங்க ஆத்தா கணக்கு. கத்திரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, பந்தலில் பீர்க்கும் புடலையும் பாகலும், வேலியோரம் சுண்டை, கிணற்றடியில் கீரை, மூலையில் ரெண்டு முருங்கை. வீட்டுக்குப் போக மிஞ்சுவதைக் கூடையில் வைத்துச் சந்தைக்குக் கொண்டுபோவாள். அந்தக் காசுக்குச் சிறுவாடு என்று பேர். ஆம்பளை அதில் கை வைக்கக் கூடாது, கேட்கவும் கூடாது. கேட்காமலே எனக்குத் தெரிந்த வரைக்கும் பங்குனி கடைசியில் இருந்து வைகாசி வரைக்கும் ஒன்பதாயிரம், பத்தாயிரம் வரும். ஜூனில் சின்ன மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டுவது அதில்தான்.

2024ல் வந்தது ரெண்டாயிரத்து முந்நூறு.

எப்படிப் போனது என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். பீர்க்கம்பூ காலையில் விரியாது. சாயங்காலம் அஞ்சு மணி வாக்கில்தான் விரியும், பொழுது சாய்கிற நேரத்தில் பந்தல் மஞ்சளாகத் தெரியும். ஆண் பூ வேற, பெண் பூ வேற. ஆண் பூவின் மகரந்தத்தைத் தேனீயோ அந்துப்பூச்சியோ பெண் பூவுக்குக் கொண்டு சேர்த்தால்தான் காய். அந்தப் பதினைந்து நாளும் மழை சரியாக அந்த நேரத்துக்குத்தான் வந்தது. பூ விரியும், மழை அடிக்கும், மகரந்தம் நனைந்து கரையும், ஈ எறும்பு எட்டிப் பார்க்காது. பெண் பூவுக்குக் கீழே விரல் நீளத்துக்கு இருக்கிற பிஞ்சு மூணாம் நாள் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். பரங்கிப் பூ விடியற்காலையில் விரிகிற ஜாதி, அதனால் அது மட்டும் கொஞ்சம் தப்பித்தது.

வீட்டுக்காரி விடவில்லை. ஆண் பூவைப் பறித்து அவளே பெண் பூவில் தடவினாள். தடவின பூ நனையாமல் இருக்க டீக்கடையில் பேப்பர் கப்பு வாங்கிவரச் சொன்னாள், ஒவ்வொரு பூவுக்கும் ஒரு கப்பைக் கவிழ்த்து நூலால் கட்டினாள். நீங்கள் ஸ்டேட்டஸில் டீக்கப்பு வைத்த அதே நாட்கள்தான். முப்பது பூவுக்குக் கட்டினதில் பதினொண்ணு காய்ச்சது.

மிளகாய் பழுக்கிற நேரம். பழத்தில் கறுப்பு வட்டம் விழுந்து செடியிலேயே அழுகியது. முருங்கை பூத்த பூவெல்லாம் கொட்டியது, பிறகு கம்பளிப்பூச்சி மரத்தை மொய்த்தது. கோரை முளைத்தது பாருங்கள், சொல்லி மாளாது. பிடுங்கப் பிடுங்க வந்தது. ஆப்பிரிக்க நத்தை ராத்திரியோடு ராத்திரியாகக் கீரைப் பாத்தியை மேய்ந்துவிட்டுப் போனது. வேப்பெண்ணெய் அடிங்க, பஞ்சகவ்யம் அடிங்க என்று போனில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். அடித்தோம். அடித்து முக்கால் மணி நேரத்தில் மழை வந்து கழுவிவிட்டது. அதையும் மூணு தடவை செய்தோம்.

இதெல்லாம் போனால் போகட்டும் என்று விடலாம். விட முடியாதது விதை.

எங்கள் வீட்டில் ஒரு வரிக் கத்திரி உண்டு. ஊதாவில் வெள்ளைக் கோடு, காம்பில் முள் இருக்கும், அளவில் சின்னது. எங்க ஆத்தா கல்யாணமாகி வரும்போது மடியில் முடிந்து கொண்டுவந்த விதை என்று சொல்லும். கருவாட்டுக் குழம்புக்கு அதை அடிக்க வேறு காய் கிடையாது. கடையில் அதன் விதை கிடைக்காது. ஒவ்வொரு சித்திரையிலும் நல்ல செடியாகப் பார்த்து ஆறு காயைப் பறிக்காமல் விட்டு, துணிக்கிழிசலைக் கட்டி அடையாளம் வைப்போம். காய் மஞ்சளாகப் பழுத்ததும் எடுத்து, பிசைந்து, அலசி, அடியில் தங்குகிற விதையைச் சாம்பலில் புரட்டி, சுளகில் பரப்பிக் காயவைப்போம். கத்திரி வெயில் என்பது இதுக்குத்தான். காலை வெயில் நாலு நாள் பட்டால் போதும், ஒரு வருஷத்துக்கு மேலே கெடாமல் இருக்கும். அந்த விதையை ஆனியில் நாத்துப் பாவினால்தான் ஆடிப் பட்டத்துக்கு நடவு.

2024ல் ஆறு காயில் நாலு செடியிலேயே கறுத்து அழுகியது. ரெண்டை எடுத்து அலசினோம். வெயில் இல்லை. வீட்டுக்குள்ளே ஃபேனுக்குக் கீழே சுளகை வைத்தோம். சாம்பல் ஈரம் இழுத்துக் கட்டி கட்டியாக உறைந்தது. மூணாம் நாள் பார்த்தால் பாதியில் பூசணம், பாதியில் வெள்ளையாக வால் விட்டு முளைத்திருந்தது. சுளகிலேயே முளைத்த விதையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பானையில் பழைய விதை இருக்கும் என்று பார்த்தோம். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து அதையும் தீர்த்திருந்தோம். எங்க ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றும் பேசவில்லை. அன்னைக்கு ராத்திரி சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

மாடியில் பை வைத்துத் தோட்டம் போடுகிற நண்பர்கள் கேட்கலாம், "பாக்கெட் விதை வாங்கிக்கலாமே"ன்னு. வாங்கலாம். அதில் வருகிற கத்திரியும் கத்திரிதான். ஆனால் அது ஆத்தா மடியில் வந்த கத்திரி இல்லை. உங்களுக்குத் தோட்டம் கெட்டால் பையைக் கொட்டிவிட்டு அடுத்த மாசம் புதுசாக ஆரம்பிக்கலாம். சந்தோஷமாகச் செய்யுங்கள், நான் குறை சொல்லவில்லை. ரெண்டும் ஒண்ணு என்று மட்டும் பேசாதீர்கள்.

வத்தலும் போச்சு. கோடை என்பது எங்கள் அடுப்படிக்கு வத்தல் காலம். மோர் மிளகாய், கொத்தவரை வத்தல், சுண்டை வத்தல், மணத்தக்காளி எல்லாம் இப்போது காயப்போட்டு எடுத்து வைத்தால்தான் ஐப்பசி கார்த்திகையில் காய் விலை ஏறும்போது கை கொடுக்கும். மோரில் ஊறப்போட்ட மிளகாய் ரெண்டு டப்பா நாற்றம் எடுத்துக் கொட்டினோம். ஐப்பசியில் கடையில் காய் வாங்கினோம், விவசாயி வீட்டில்.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

மதுரையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்து இருபது வீட்டுக்காரர்கள் சேர்ந்து எங்களிடம் சனிக்கிழமை சனிக்கிழமை காய் வாங்கினார்கள். மருந்தடிக்காத காய் வேண்டும் என்று அவர்களே தேடி வந்தார்கள். மரியாதையானவர்கள், காசும் உடனே கொடுப்பார்கள். அந்த மே மாசம் கத்திரிக்காயில் புள்ளி விழுந்தது, பாகல் கோணிப் போனது. ஒரு அம்மா காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னங்க இதெல்லாம் இப்படி இருக்கு, சூப்பர் மார்க்கெட்ல பளபளன்னு இருக்கே"ன்னாங்க. கூடையில் பாதி திரும்பி வந்தது. மழைக்காலத்துப் பூசணத்துக்கு மருந்தடிக்காவிட்டால் காயில் புள்ளி விழும். மருந்தடித்தால் புள்ளி விழாது. நஞ்சும் இருக்கக் கூடாது, புள்ளியும் இருக்கக் கூடாது, மழையும் பெய்ய வேண்டும், குளுகுளுன்னும் இருக்க வேண்டும், விலையும் ஏறக் கூடாது என்றால் நான் எங்கே போய் நிற்பது?

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது நாடே அலறியது. அரசாங்கமே ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. நல்ல காரியம். ஆனால் விலை ஏறினால்தான் உங்களுக்குச் செய்தி, செடி சாகும்போது செய்தி இல்லை. மழையும் அப்படித்தான். 2024 அக்டோபர் 25ஆம் தேதி செல்லூரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது மழை ஆபத்தானது என்று எல்லாரும் எழுதினார்கள். அதற்கு ஐந்து மாசம் முன்னாடி என் கொல்லையில் தண்ணீர் நின்றபோது அது வரம்.

நிவாரணம் கேட்கலாமே என்று என் மாப்பிள்ளையே கேட்டான். கேட்டுப் பார்த்தேன். பயிர் 33 சதவீதத்துக்கு மேல் பாதித்தால்தான் கணக்கில் எடுப்பார்கள், அது விதி. நெல், வாழை, பருத்தி என்று அடங்கலில் ஏறியிருக்க வேண்டும். எங்கள் எட்டு செண்டு நத்தத்தில் இருக்கிறது. அடங்கலில் அது வீடு, தோட்டம் இல்லை. வந்து பார்த்த அதிகாரி நல்ல மனுஷன்தான், "அண்ணே, இதுக்குப் படிவத்துல கட்டமே இல்லையே"ன்னார். அவர் மேல் தப்பில்லை. பொம்பளைகள் கையால் நடக்கிற தோட்டத்துக்கு ஒருத்தரும் கட்டம் போடவில்லை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை 1999 நவம்பர் 14ஆம் தேதி எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் திறந்தார்கள். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது, இப்போதும் பெருமைதான். விற்க இடம் கொடுத்த அரசாங்கத்துக்கு, விற்க ஒன்றும் இல்லாமல் போன பொம்பளையைக் கணக்கெடுக்க ஒரு வழி தெரியாதா?

சின்ன மகள் ஒருநாள் போனில் ஒன்றைப் படித்துக் காட்டினாள். 1815ல் இந்தோனேசியாவில் தம்போரா என்ற எரிமலை வெடித்ததாம். அந்தச் சாம்பலும் புகையும் வானத்தை மறைத்து, 1816ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடையே வராமல், குளிரும் மழையுமாக விளைச்சல் செத்துப்போனதாம். ரொட்டிக்குக் கலவரம் நடந்திருக்கிறது. 'கோடை இல்லாத வருஷம்' என்றே அதற்குப் பேர் வைத்திருக்கிறார்கள். அங்கே கோடை குளிர்ந்தால் பஞ்சம். இங்கே கோடை குளிர்ந்தால் கொடைக்கானல். எங்கள் பதினைந்து நாள் மழையும் அதுவும் ஒன்று என்று சொல்ல நான் கிறுக்கன் இல்லை. விளைகிறதைத் தின்கிறவன் வானத்தைப் பார்க்கிற பார்வைக்குத்தான் சொன்னேன்.

"கிராமத்துல உங்களுக்கென்ன மாமா, காயெல்லாம் கொல்லையில சும்மா கிடைக்கும்"னு சொல்வாய் இல்லையா மாப்ள. அந்த 2024 ஜூனில் உங்க அத்தை காதில் இருந்த கம்மலைக் கழற்றித்தான் உன் மச்சினிக்குப் பீஸ் கட்டினோம். தையில் மீட்டோம், வட்டியோடு. உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

கிணற்றில் தண்ணீர் ஏறியது, அதையும் சொல்ல வேண்டும். ஆட்டுக்குப் புல்லு முளைத்தது. தென்னைக்கு ஒரு மாசம் தண்ணீர் பாய்ச்சும் வேலை மிச்சம். லாபமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் லாபம் வந்தது என் பக்கம், நஷ்டம் வந்தது அவள் பக்கம். ஒரே வீட்டில் ஒரே மழை.

விதை கடைசியில் கிடைத்தது. உசிலம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்த என் வீட்டுக்காரியின் மதினி, எங்க ஆத்தாவிடம் எப்போதோ வாங்கிப்போன வரிக் கத்திரி விதையில் ஒரு கைப்பிடி வைத்திருந்தார்கள். அவர்கள் வீட்டில் இன்னும் விறகடுப்பு. அடுப்புக்கு மேலே பரணில் சின்னச் சுரைக்குடுக்கையில் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள், புகை படப் பட விதை ஈரம் இழுக்காமல் இருந்திருக்கிறது. ஆத்தா அதைக் கையில் வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "இதுதான்"னு சொன்னது. அன்றைக்கே கொல்லைப் பக்கம் ஒரு சார்ப்பு இறக்கி, விறகடுப்பு போடச் சொல்லிவிட்டது. கேஸ் அடுப்பு வந்தபிறகு இடித்துப் போட்ட அடுப்பு அது. அந்த வருஷம் ஆடிப் பட்டம் தவறவில்லை.

இந்த வருஷம் வைகாசி பிறக்கும் முன்னாடியே, காய் முக்கால் பழுத்தபோதே பறித்து அலசி, முதல் வாரத்து வெயில் அடித்த ரெண்டு நாளில் காயவைத்து மீதியை அடுப்புப் புகையில் தொங்கவிட்டோம். முழுசாப் பழுக்காததால் பாதிதான் முளைக்கும் என்று ஆத்தா சொன்னது. பாதிக்குக் கொஞ்சம் மேலேயே முளைத்திருக்கிறது. நாத்தங்கால் மேல் இப்போது சீமைச்சாக்கைப் பந்தல் மாதிரி கட்டி வைத்திருக்கிறோம், இன்னைக்கும் மூட்டமாகத்தான் இருக்கிறது.

மாப்ள, மாடித் தோட்டத்துக்கு நாத்து கேட்டிருந்தாய். பத்து நாத்து உனக்கென்று உங்க அத்தை ஒதுக்கி வைத்திருக்கிறாள். ஆடி பிறக்கிறதுக்குள்ள வந்து எடுத்துட்டுப் போ. வரும்போது பேப்பர் கப்பு ஒரு நூறு வாங்கிட்டு வா. பெரிய சைஸ்.